கீழ்விளக்கு

"இறால் குஞ்சோட கண்ணுல அப்படி என்னங்க இருக்கு, ஆராய்ச்சி பண்ண?" பெண் பார்க்க வந்த அன்று அவன் கேட்டான்.

"ஒளிஞ்சுக்கத் தெரிஞ்ச கண்ணுங்க அது" என்றாள்.

சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை முடித்துக்கொள்ளலாம் என்றான். அந்தச் சிரிப்புக்காகவே சம்மதித்தாள்.

ஆறு வருடம்.

இப்போதும் அதே குஞ்சுகள்தான். அவன் குடும்பத்தின் இறால் பொரிப்பகம். ஜன்னல் இல்லாத அறை. கிருமி வந்துவிடும் என்று ஓர் ஈடு குஞ்சு வளர்ந்து முடியும்வரை யாரும் வெளியே போவதில்லை. அது முடிவதற்குள் அடுத்த ஈடு தொடங்கிவிடும்.

அவள் மேலங்கிப் பையில் பல்கலைக்கழகக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் அவளுடைய ஆய்வுப் பதிவு ரத்து.

இன்று புதன்.

எத்தனையோ முறை வாய் திறந்திருக்கிறாள். மாமியாருக்குக் கால்வலி என்பார்கள். வியாபாரி வந்திருக்கிறார் என்பார்கள். அந்தந்த நேரத்துக்கு ஏற்ற முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

அவன் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினான். முகம் வெளிறியிருந்தது.

நாலாம் தொட்டிக் குஞ்சுகளுக்குக் கண்ணே இல்லை, ஏதோ நோய், தொட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடச் சொல் என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள்.

புது நுண்ணோக்கி. மேல்விளக்கை மட்டும் போட்டிருந்தான்.

கண்ணாடி உடம்புகள். கண் இருக்கவேண்டிய இடத்தில் பாசித்தண்ணீரின் பச்சை.

உடம்பைக் கண்ணாடியாக்கிக்கொள்ளலாம். கண்ணை முடியாது. பார்ப்பதற்கு உள்ளே கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதன்மேல் மணிமணியாகத் துகள்கள், இந்த லென்சுக்கும் அகப்படாத அளவில். மேலே விழும் ஒளியைத் தண்ணீரின் நிறமாகவே திருப்பி அனுப்பிவிடும்.

தின்ன வரும் மீனுக்கு அங்கே வெறும் தண்ணீர்.

அவள் மேல்விளக்கை அணைத்தாள்.

கீழ்விளக்கைப் போட்டாள். ஒளி கீழிருந்து உடம்புகளை ஊடுருவியது; கறுப்பை மட்டும் தாண்ட முடியவில்லை.

நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

வெகுநேரம் பார்த்தான். ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டு புள்ளிகள். கறுகறுவென்று.

"இவ்வளவு நேரமும் இருந்துச்சா?"

அவள் கை சுவிட்சிலேயே இருந்தது.

"இருந்துச்சுங்க."

அவன் இன்னும் குனிந்தபடியே இருந்தான்.

"ஏங்க, நான் நாளைக்குக் கிளம்பணும். என் படிப்பை முடிக்கணும். என்னை அனுப்பி வைங்க."