கயிற்றின் மறுமுனை

கரீபியக் கடலில் ஒரு வாரம் சுற்றும் எங்கள் பாய்மரக் கப்பல் இன்ஜினில்தான் ஓடும். பாய்கள் வெறும் அழகுக்கு. ஏற்றுவதும் இறக்குவதும் மோட்டார். ஆனாலும் கடைசி நாள் காலையில் பயணிகள் வரிசையாக நின்று ஒரு தடித்த கயிற்றை இழுப்பார்கள். அதன் மறுமுனை ஒரு ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும், அவ்வளவுதான். அவர்கள் கத்தி இழுக்கும்போது நான் பாய்மரத்துக்குப் பின்னால் நின்று பொத்தானை அமுக்குவேன். பாய் ஏறும். தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டு மாலுமிச் சான்றிதழோடு கிளம்புவார்கள். என் ஊர் மணப்பாட்டுக் கடலில் வள்ளத்துக்குப் பாய் ஏற்றிய கை, ஏழு வருடமாக இந்தக் கூத்துக்குப் பொத்தான் அமுக்குகிறது.

இன்று கயிற்றின் முதல் ஆள், கனடாவிலிருந்து வந்த தில்லையம்பலம். தலையில் கப்பல் கடையில் வாங்கிய கேப்டன் தொப்பி. “தம்பி, இவையளுக்கு இழுக்கத் தெரியாது. நான் ஒருத்தன் காணும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தானைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே இருந்தார்கள். பாய் அசையவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. “பின்னால நிக்கிறவை ஒருத்தரும் இழுக்கேல்லை!” என்று கத்தினார்.

பாய்மரத்துக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து நேராக என்னிடம் வந்தார். பாயை அவர் பார்க்கவேயில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

“பொத்தானை அமத்து தம்பி” என்றார் மெதுவாக. “நானும் நாப்பது வருசமா இதைத்தானே செய்யிறன்.”