கொழுந்துத் தராசு

மொக்கைச்சாமியைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டோம். முள் அறுபத்தொன்றில் நின்றது.

கால் முறிந்த மனுசனைச் சாக்கில் உட்காரவைத்து, தேயிலைக் கொழுந்தைப் போல எடை போட்டது நான்தான். எஸ்டேட் கணக்குப்பிள்ளை. மேகமலையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

2009 ஐப்பசி. இரண்டு நாள் அடைமழையில் மண் சரிந்து நான்கு லைன் வீடுகளின் மேல் விழுந்திருந்தது. சின்னமனூருக்கு இறங்கும் பாதையும் அறுந்துபோனது. மழை விட்ட நேரம் பார்த்துக் கொழுந்து நிறுக்கும் மைதானத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது.

பைலட் மலையாளி. ஹெலிகாப்டரை எடை வைத்துத்தான் ரகம் பிரிப்பார்களாம். ஆளும் சாமானும் ஏறியபின் மொத்தம் மூன்று டன்னுக்குள் என்றால் லேசு ரகம். அதற்கு மேல் நடுத்தரம், அதற்கும் மேல் கனரகம். நடுத்தரம் வந்தால் இருபது பேரை ஒரே நடையில் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் அது இறங்க இந்த மைதானம் போதாது என்றார். தன்னுடையது லேசு ரகம், இந்த உயரத்தில் இருநூற்று நாற்பது கிலோதான் தூக்கும் என்றார். யார் யார் என்பதை என்னிடம் விட்டுவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் விசிறியை நிறுத்தாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மொக்கைச்சாமி, மண்டை உடைந்த இரண்டு பேர். மூவரும் சேர்ந்து நூற்று எண்பத்து நான்கு.

அடுத்தது திரிஷா. ஐந்து வயது. சுவர் நெஞ்சில் விழுந்திருந்தது. மேலுக்கு ஒரு கீறல் இல்லை, உதடு மட்டும் நீலமாக இருந்தது. கொழுந்து கட்டும் படங்குத் துணியில் கிடத்திக் கொக்கியில் மாட்டினேன். பதின்மூன்று கிலோ. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மிச்சம் நாற்பத்து மூன்று.

பிள்ளையின் தாய் கிருபாவதி யாரும் கூப்பிடாமலே வந்தாள். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கினாள்.

முள் ஆடி ஆடி நாற்பத்தைந்தில் நின்றது.

அவளுக்கு அந்த முள்ளைப் பார்க்கத் தெரியும். பதினோரு வருசமாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைத்தான் பார்க்கிறாள். தோளில் கிடந்த கம்பளியை எடுத்து எறிந்துவிட்டு மறுபடி தொங்கினாள். முள் அதே இடத்துக்கு வந்தது. கம்பளி காய்ந்து நைந்துபோனது, அதில் எடை எங்கே இருக்கிறது? கழற்ற அவளிடம் வேறு எதுவும் இல்லை.

என் காதருகே வந்தாள்.

“கணக்கய்யா, தெனமும் ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பீகல்ல. இன்னைக்கும் அதக் கழிச்சுப் போடுங்கய்யா.”

குத்தலாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள்.

கொழுந்து சருகாகக் காய்ந்து கிடந்தாலும் ஈரம் என்று சொல்லி இரண்டு கிலோ கழித்தவன் நான். மேலிடத்து வழக்கம், நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டவன். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஒருத்தியும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இருந்தாலும் எனக்கு முகம் எரிந்தது. பயமும் இருந்தது. இரண்டு கிலோ கூடிப்போய், பள்ளத்தின் மேல் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால்? பயத்தைவிட ரோசம்தான் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கென்று பார்த்து எனக்கு யோக்கியனாக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

நாற்பத்தைந்து என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

முந்தானையைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்களைக் கிருபாவதியே ஒவ்வொன்றாக விடுவித்தாள். நான்கு பேரையும் ஏற்றியபின் போதும் என்று பைலட்டுக்குக் கையைக் காட்டினேன். அடுத்த நடை அரை மணி நேரத்தில் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். உன்னை அதில் முதல் ஆளாக அனுப்புகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

மலையை மூடிக்கொண்டு மஞ்சு இறங்கிவிட்டது. அரை மணி நேரம் மூன்று மணி நேரமானது. அவள் மைதானத்தை விட்டு நகரவில்லை.

மறுபடியும் ஹெலிகாப்டர் வந்தபோது விசிறி நின்றது. பைலட் இறங்கி வந்து என்னைத் தனியே கூட்டிப்போனார். பிள்ளை தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லையாம். வீரபாண்டி தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டதாம். அதுவரை அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்ததாம். தாயை ஏன் கூட ஏற்றவில்லை என்று கேட்டார்.

இரண்டு கிலோ கூடுதல் என்றேன்.

“தூக்குற எடைய நான் எப்பவும் முப்பது கிலோ கொறச்சுத்தான் பறயும். ஆள்கள் எடையக் கொறச்சுத்தானே சொல்லும். நிங்கள் இத்தற சரியா நிறுக்கும்னு நான் நினைச்சில்ல.”

அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை. அவளிடம் நான் சொல்லவா, அவர் சொல்வாரா என்று நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. அதற்குள் கிருபாவதி, பிள்ளைக்கு ஒரு மாற்றுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கதவைச் சாத்தும் முன் என்னைக் கூப்பிட்டாள். பிள்ளையையாவது தாமதிக்காமல் அப்போதே அனுப்பி வைத்தீர்களே என்று சொல்லி, இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாள்.