அழுமூஞ்சி மாப்பிள்ளை

இப்போதெல்லாம் சாட்டில் எமோஜிக்கு மஞ்சள் உருண்டைகள் கிடையாது, மனித முகங்கள்தான். நான் வெங்காயம் நறுக்கும்போது அக்கா எடுத்த படம் எப்படியோ பரவி, இன்று தமிழ்நாடே என் முகத்தை வைத்துத்தான் அழுகிறது. என் முகத்தை யார் யாருக்கு அனுப்பினாலும், விவரம் காட்டி என் கைக்கடிகாரம் அதிரும். மாதக் கடைசியில் அது ஓய்வதே இல்லை.

இந்த முகத்தோடு பெண் பார்க்கப் போனால் என்ன ஆகும்? போன வீடுகளிலெல்லாம் காபி வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. "உங்களத்தானுங்க எங்க மேனேஜருக்கு அனுப்புவேன். கேட்ட லீவு உடனே கெடச்சிருதுங்க," என்றாள்.

"ரொம்ப நன்றி," என்றேன். வேறென்ன சொல்வது?

"சிரிச்சா எப்படி இருப்பீங்க?"

"அதை யாரும் கேட்டதே இல்லைங்க." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சட்டென்று படம் எடுத்துக்கொண்டாள்.

"போய்த் தகவல் சொல்றோம்," என்று வழக்கம்போல் அக்கா எழுந்தாள். லிஃப்டில் இறங்கும்போது கடிகாரம் அதிர்ந்தது. பூங்கோதை தன் தோழிகளுக்கு என் சிரித்த முகத்தை அனுப்பியிருந்தாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர், 'எங்க வீட்டுக்காரர்'.

எட்டிப் பார்த்த அக்கா அழுதுவிட்டாள். அதிசயமாக, அவளுடைய சொந்த முகத்திலேயே.