குடை பிடித்தவர்

கிறிஸ்தவப் புத்தகக் கடையில், சிறுவர் அலமாரி முன்னால் கணவனும் மனைவியும் வெகுநேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு வயது மகள் சிட்டு காலடியில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோவா எடுத்தாச்சு, தானியேல் எடுத்தாச்சு. மோசேயை மட்டும் ஏங்க திரும்பத் திரும்ப ஒளிச்சு வைக்கிறீங்க?"

"குழந்தையக் கூடையில வச்சு ஆத்துல விடுறாங்க. பிஞ்சு மனசு, அவளுக்கு எதுக்கு அது?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அதற்குள் சிட்டு, அவர் பின்வரிசையில் செருகிய புத்தகத்தையே உருவி எடுத்துவிட்டாள். இளவரசி ஆற்றிலிருந்து குழந்தையைத் தூக்கும் பக்கத்தை விரித்து, "இது நான். இது அம்மா" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காப்பகத்துலேருந்து நாம இவளைத் தூக்கிட்டு வந்த கதைய நான் போன வாரமே சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. "தினமும் இன்னொரு தடவை சொல்லுங்கிறா."

அவர் சிட்டுவின் பக்கத்தில் குனிந்தார். "அப்ப அப்பா எங்கடா கண்ணு?"

சிட்டு படம் முழுக்கத் தேடினாள். கடைசியில், இளவரசிக்குப் பின்னால் குடை பிடித்து நின்றவன் மேல் விரலை வைத்தாள்.

"சரியாத்தான் சொல்றா" என்றாள் மனைவி.

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மனைவியின் கைப்பையையும் தோளில் மாட்டியபடி பில் போடப் போனார்.