ஞாயிற்றுக்கிழமை நாடுகள்

வீட்டுக்காரர் பாலசுப்ரமணியன் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. தமயந்தி அடுப்பைத் தணிக்கவில்லை. வாசனை தெரு முழுக்கப் போகட்டும் என்று சமையலறை ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ராஜேஷ்குமார், கையில் இருந்த சட்டையைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"மூடி வச்சிடு தமயந்தி. இந்த வீடும் போச்சுன்னா எங்க போறது?"

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. அவனுடைய பொம்மசந்திரா கம்பெனிக்குப் பக்கத்தில், மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிற தூரத்தில், இந்த வாடகைக்கு இன்னொரு வீடு அமையப் போவதில்லை. செருப்புத் தேய அலைந்த பிறகு கிடைத்த வீடு இது.

சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மீன், கறி, முட்டை எதுவும் கூடாது. அதன் வாசனையும் வரக்கூடாது. தமயந்தி தலையாட்டினாள். தலையாட்டாமல் பெங்களூரில் யாருக்கு வீடு கிடைத்திருக்கிறது?

மற்றபடி தங்கமான மனிதர்தான். சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் வராத நாளில் கேட்காமலே மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றிவிடுவார்.

ஆனால் குடிவந்த மாதமே, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர், ஒழுகாத குழாயைப் பார்த்துவிட்டு, அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

உள்ளே இருந்தது பீர்க்கங்காய்க் கூட்டு.

அவர்பாட்டுக்கு மூடியை வைத்துவிட்டுப் போய்விட்டார். தமயந்திக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் சட்டியை இன்னொருத்தர் மோந்து பார்ப்பதா என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மாலையே செல்போனை எடுத்தாள். உலகத்தில் எந்தெந்த நாட்டில், சுத்த சைவமாக, மூக்கைத் துளைக்கிற மாதிரி சமைக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தாள். கிடைத்துக்கொண்டே இருந்தது.

முதலில் நேபாளம். முள்ளங்கிக் கீரையை வாடவிட்டு, நசுக்கி, ஜாடியில் அமுக்கிப் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டால் குந்த்ருக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தக்காளியோடு கொதிக்கவிட்டாள். வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார். கீரைதான் சார், என்று கரண்டியை நீட்டினாள். நாக்கில் விட்டுப் பார்த்தவர், அப்படியே இறங்கிப் போனார்.

அடுத்தது ஜப்பான். வேகவைத்த சோயாவைக் கதகதப்பில் மூடிவைத்து, நூல் நூலாக இழுபடும்வரை நொதிக்கவிட்ட நாட்டோ. துவைக்காத சாக்ஸ் வாடை. ராஜேஷ்குமார் ஊறுகாயை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினான். மகள் எனக்குத் தயிர்சோறு போதும் என்று ஒதுங்கிவிட்டாள்.

பிறகு ஆப்பிரிக்கா. மரத்து விதையை நொதிக்கவைத்துச் செய்வது, தவாதவா என்று பெயர். அந்த விதை இங்கே கிடைக்காததால் அதையும் சோயாவிலேயே செய்தாள். அன்றைக்குத் தெருநாய்கூட வாசலில் நின்று மாடியைப் பார்த்தது.

ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார், ருசி பார்த்தார், தோற்றுப்போய் இறங்கினார். தமயந்திக்கு அந்தச் சோறு அமிர்தமாக இறங்கியது.

போன ஞாயிறு அவர் வரவேயில்லை. மூக்கு பழகிவிட்டது, இனி வரமாட்டார் என்று அவள் முடிவு கட்டினாள். அந்தத் தைரியத்தில்தான் இன்று சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

வந்துவிட்டார்.

வாசலில் நின்றவர் கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. முகத்தில் பழைய சந்தேகம் இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

"அந்த நேபாளத்துக் குழம்பைக் குடிச்சதுலேர்ந்து வீட்ல வைக்கிற ரசம் சப்புனு இருக்கும்மா. கீழ எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடாதே. இன்னிக்கு எந்த நாடு? ஸ்வல்ப குடு, போதும்."

ராஜேஷ்குமார் முந்திக்கொண்டான். "கொரியா, சார்."

கிண்ணம் சட்டிக்கு நேராக நீண்டது.

குழம்பில் கத்திரிக்காயும் மொச்சையும் மிதந்தன. மேலாக அள்ளி ஒரு கரண்டி ஊற்றினால் அவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. வீடும் நிலைக்கும். அன்றைக்கு மூடியைத் தூக்கிய கைக்கு அதைவிடப் பெரிய பதிலடியும் கிடையாது.

தமயந்தி கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

இன்று அவர் மூடியைத் தொடவில்லை. கேட்டுவிட்டு நிற்கிறார். கேட்டு நிற்கிற மனிதரை ஏமாற்றி ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அதே சமயம், தன் சோற்றை ஒளித்துச் சாப்பிடவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கொரியா இல்ல சார்," என்றாள். "கடலூரு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. உங்களுக்கு ஆவாது."

கிண்ணம் சட்டென்று அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ராஜேஷ்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

தமயந்தி ஒரு தட்டில் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றி, வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.