லில்லியைப் பிடுங்கியவள்

"பிடுங்கிட்டாங்க. உங்கம்மா வேரோட பிடுங்கிட்டாங்க."

அவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி கூடத்துச் சுவரோடு சாய்ந்து நின்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

பால்கனியில் அம்மா குந்தியிருந்தாள். லில்லித் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. மண் ஒரு பக்கம், மொட்டோடு தண்டு ஒரு பக்கம்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"பூச்சி பிடிச்ச செடி. அதைக் கட்டிக்கிட்டு அழணுமா? எடுத்துட்டேன்."

"பூச்சியா?" மனைவி பால்கனிக் கதவருகே வந்தாள். "அசுவினிப் பூச்சி வந்தப்போ சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு இலை இலையாத் துடைச்சது யாரு? சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை வந்தப்போ, அந்த இலையெல்லாம் நறுக்கிப் போட்டு மருந்து அடிச்சது யாரு? எல்லாத்துலேர்ந்தும் தேறிடுச்சு அத்தை. மொட்டே விட்டுடுச்சு! அடியில கொஞ்சம் இலை மஞ்சளாச்சு, அவ்வளவுதான். வாடுதேன்னு காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினேன். அதுக்கும் பூவாளியை ஒளிச்சு வெச்சீங்க."

"தலையில சொட்டுதுன்னு கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா நீயா பதில் சொல்வே?"

"தண்ணிக்குக்கூட இந்த வீட்டுல கஞ்சத்தனம்!"

அம்மா வலது கையை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவன் வாங்கி வந்த லில்லிக் கிழங்கு அது. "இது பூக்கறப்போ குட்டி என் மடியில இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி நட்டாள்.

குட்டி வந்தது. அழவில்லை. வெறும் கையோடு வீடு திரும்பினார்கள்.

யார்மேலும் தப்பில்லை என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவள் காதில் ஏறவே இல்லை. "அன்னிக்கு நான் அந்த பக்கெட்டைத் தூக்கியிருக்கக் கூடாதுங்க." விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

விடிந்தால் அந்தச் செடிக்காகத்தான் கட்டிலை விட்டு இறங்குவாள்.

"குட்டியோட துணியை நான் தூங்கறப்போ மூட்டை கட்டினீங்க. இப்போ இது. என் கண்ணு முன்னால எதுவுமே மிஞ்சக் கூடாது, இல்ல?"

"ஆமா. அதையே பார்த்துக்கிட்டு நீ மூலையில உட்கார்ந்தா வீட்டு வேலையை யாரு பார்க்கறது?"

உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"கல்நெஞ்சும்மா உனக்கு!" அவன் பல்லைக் கடித்தான். "நாளைக்கே தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பு. நீ இங்க இருந்தா இவ பிழைக்க மாட்டா."

"சரிடா, போறேன்."

இவ்வளவு சுலபமாகச் சரி என்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது.

"கையில வெச்சிருக்கற கிழங்கைக் குடு. திரும்ப நடறேன்."

"வேணாம். நீ உள்ளே போ."

"குடுன்னு சொல்றேன்ல?"

அவனே அம்மாவின் விரல்களைப் பிரித்தான். கொழகொழவென்று பழுப்பாக என்னவோ வழிந்தது. நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

"என்னம்மா இது!"

"கிழங்கு அழுகிடுச்சு. நேத்துத் தண்டைத் தொட்டேன், லொடலொடன்னு ஆடுச்சு. மண்ணை எடுத்து மோந்து பார்த்தேன், தெரிஞ்சுபோச்சு. மேலே பார்த்தா தண்ணிக்குத் தவிக்கற மாதிரிதான் தெரியும். ஆனா இது தண்ணி மிஞ்சிப் போய் வர்ற நோய்."

அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "அப்போ... இவ ஊத்தின தண்ணி..."

"வாயை மூடு!" அம்மாவின் கண் உள்ளறைக் கதவுக்குப் போய் வந்தது. "கத்தாதே. காதுல விழுந்துடப் போகுது."

பூண்டு உரிப்பதுபோல அழுகியதையெல்லாம் உரித்து எறிந்தாள். நடுவில் வெள்ளையாக இரண்டு பல் மட்டும் தேறியது. அதை, பூஞ்சைக்கு வாங்கி வைத்திருந்த மருந்துப் பொடியில் புரட்டிக் காகிதத்தில் மடித்தாள்.

"தங்கச்சி வீட்டுல ஈர மணல்ல புதைச்சுப் பார்க்கறேன். முளைச்சா, கடையில வாங்கினதா சொல்லிக் கொண்டாந்து நடு. முளைக்கலைன்னா விட்டுடு."

கீழே கிடந்த தண்டை எடுத்து, மொட்டுக்குச் சற்று கீழே நறுக்கினாள். "இதை ஒரு டம்ளர் தண்ணியில போட்டு அவ தலைமாட்டுல வை. விரிஞ்சாலும் விரியும். என் கையிலேர்ந்து நீ பிடுங்கிட்டு வந்ததா சொல்லு."

அவன் மொட்டை வாங்கிக்கொண்டான்.

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் உன்னை அப்படிப் பேசியிருப்பேனா? அவதான் பேசியிருப்பாளா?"

"பக்கெட்டைத் தூக்கி ஒண்ணைக் கொன்னுட்டேன்னு அவ தினம் செத்துக்கிட்டிருக்கா. தண்ணி ஊத்தி இன்னொண்ணையும் கொன்னுட்டேன்னு அவளுக்குத் தெரியணுமா?" கையைக் கழுவ அம்மா எழுந்தாள். "இதை நான் கொன்னதாவே இருக்கட்டும்டா."