இரண்டாவது கட்டளை

"இது பென்டிரைவா, கல்வெட்டா? ஒரு எழுத்தைக்கூட மாத்த விடமாட்டேங்குது!"

டிசைன் மேலாளர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. லிஃப்ட் வருவதற்குள் பொத்தானை நூறு தடவை குத்துகிறவர். மைக்ரோவேவ் மணி அடிக்குமுன் கதவைப் பெயர்க்கிறவர். ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

டிசைனர் ஓடி வந்தாள். வரைவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அங்கிருந்த லினக்ஸ் கணினிகளுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியம் இலவசம்.

பென்டிரைவில் இருந்தது அவள் ராப்பகலாக வரைந்த மடக்குச் சக்கர நாற்காலி. இன்னும் சற்று நேரத்தில் முதலாளியம்மா பார்க்கப்போகிறார். முதல் பக்கத்தில், 'வடிவமைப்பு' என்பதற்கு நேரே, அவள் பெயர்.

அதை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட எக்ஸ்பிரஸுக்குக் கை அரித்தது. போன வருஷம் அவள் வரைந்த மடக்குக் கட்டிலை வைத்து அப்படித்தான் பதவி உயர்வு வாங்கினார். அவளுக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

"என்ன சார் மாத்தணும்?"

"ஒரு எழுத்துப்பிழைம்மா. கண்ணை உறுத்துது."

"அய்யோ, ஸாரி சார். படிக்க மட்டும்னு வச்சிருந்தேன். இதோ, எழுதவும் அனுமதி குடுத்துடறேன்."

கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினாள். தொடர்ந்து இன்னொன்று.

"ரெண்டாவது எதுக்கு?"

"உங்க அவசரத்துக்கு சார்."

எக்ஸ்பிரஸ் குளிர்ந்துபோனார். சூதுவாது தெரியாத பெண்! திருடனுக்குச் சாவியைக் கொடுத்து விளக்கும் பிடிக்கிறாளே!

"சார், வெளியே எடுக்கறப்ப எஜெக்ட் குடுத்துட்டு, கொஞ்சம் பொறுத்து..."

"எனக்கே பாடமா? போம்மா, போ!"

அவள் நகர்ந்ததும் பெயரை மாற்றினார், சேமித்தார். சந்தேகத்துக்கு மூடித் திறந்தும் பார்த்தார். அவர் பெயர்தான் ஜொலித்தது. பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மீட்டிங் ஹாலுக்குப் பறந்தார்.

திரையில் வெளிச்சம் வருமுன்பே ஆரம்பித்துவிட்டார். "மேடம், இது முழுக்க முழுக்க என் மூளை. முதல் பக்கத்துல பேர் இருக்கு பாருங்க."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பார்த்தேன். எப்பலேர்ந்து நீங்க பொண்ணு பேர் வச்சிக்கிட்டீங்க? அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. இனிமே எல்லாத்தையும் அவங்களே வந்து சொல்லட்டும்."

சட்டை முழுக்க வியர்வையோடு எக்ஸ்பிரஸ் அவள் மேஜைக்கு வந்து நின்றார். "என் பேர் இருந்துச்சே! என் கண்ணால பார்த்தேனே!"

"கம்ப்யூட்டர் ஞாபகத்துல இருந்துச்சு சார். பென்டிரைவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பிடுங்கிட்டீங்க."

"சேமிச்ச உடனே போய்ச் சேர வேண்டியதுதானே?"

அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ஹாலை நோக்கி நடந்தபடியே சொன்னாள்:

"ரெண்டாவதா ஒண்ணு தட்டினேனே சார்... 'மெதுவா எழுது'ன்னு!"